பசியாறலும் சொல்லும்: ஜொகூர் பாருவின் காலை உணவு வழியே ஒரு சொல்வரலாறு

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மலேசியரின் காலை உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகத் தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவை எடுத்துக்காட்டுகளாகக் கூறப்பட்டன. பல்லின மக்கள் ஒரே கடையில், அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து காலையில் உண்பதே அப்பதிவின் சாரம். எந்த உணவு எவருக்கு உரியது என்னும் வழக்கு நம் வட்டாரத்தில் என்றும் ஓயாதது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி மொழியியலார்க்கு இல்லை. நாம் எடுத்துக்கொள்வது அந்த உணவுகளின் பெயர்களை மட்டுமே.

ஓர் உணவு ஒரு மக்களிடம் புதிதாக வந்து சேரும்போது அதன் பெயருக்கு என்ன நேர்கிறது? சில பெயர்கள் வந்த உருவிலேயே தங்கிவிடுகின்றன. சில, ஏற்பவரின் நாவுக்கு ஏற்ப உருமாறுகின்றன. வேறு சில உணவுகளுக்கோ, வீட்டில் முன்பே இருந்த பழஞ்சொல் ஒன்று இடம் கொடுக்கிறது. இவற்றுள் எது எப்போது நிகழும் என்பதை மொழிப்பற்று முடிவு செய்வதாகப் பலரும் எண்ணுகின்றனர். நம் கருத்து வேறு. அவ்வுணவை எவர் கை சமைத்தது, எவர் கை பரிமாறியது என்பதே பெரும்பாலும் பெயரை முடிவு செய்துள்ளது. இதனை ஜொகூர் பாருவின் காலை உணவையும் அதனோடு ஒட்டி உண்ணப்படும் இனிப்புகளையும் கொண்டு விளக்க முயல்வோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இதில் நேரடியான ஒரு கடமை உண்டு என்பதால் இவ்வுரையை அவர்களை முன்னிறுத்தியே அமைத்துள்ளோம்.

முதலில் அவ்வேளை உணவுக்கு நாம் வழங்கும் பெயரையே காண்போம். தமிழ்நாட்டில் பேச்சில் 'டிபன்' என்பர். எழுத்தில் 'சிற்றுண்டி' அல்லது 'காலை உணவு' என்பர். டிபன் என்பது இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் நண்பகல் சிற்றுணவுக்கு வழங்கிய சொல். தமிழர் அதனை ஏற்றுக் காலைக்கும் மாலைக்கும் நகர்த்திக்கொண்டனர். மலேசியத் தமிழராகிய நாமோ 'பசியாறிவிட்டீர்களா?' என்று கேட்கிறோம். பசியாறுதல் என்பது எவ்வேளையும் உண்டு பசி தணிதலைக் குறிக்கும் பொதுச்சொல். அது இங்கே காலை உணவை மட்டும் குறிக்கும் சிறப்புச்சொல்லாகச் சுருங்கியது. 'பசியாறை', 'பசியாறல்' என்று பெயர்ச்சொல்லாகவும் வளர்ந்தது. தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையேயும் இச்சொல் இப்பொருளில் வழங்குகிறது. மலாயாவின் துறைமுகங்களில் முதலில் கடை விரித்தவர்களுள் அவர்கள் முக்கியமானவர்கள் என்பதை இவ்விடத்தில் மறத்தலாகாது. தமிழகத்திலிருந்து வரும் விருந்தினர் சிலர் இக்கேள்வியை முதன்முறை கேட்கும்போது, தாம் பட்டினி கிடந்ததாக நாம் எண்ணிவிட்டோமோ என்று சற்றுத் திகைப்பதும் உண்டு.

ஆங்கிலத்தில் அவ்வுணவின் பெயர் நோன்பை முறித்தல் என்னும் பொருளுடையது. மலாயில் சிற்றுணவை 'அலாஸ் பெருட்', அதாவது வயிற்றுக்கு இடும் விரிப்பு என்று சொல்வது வழக்கம். தமிழோ பசியை ஒரு வெம்மையாகக் கண்டு அதனை ஆற்றுகிறது. மூன்று மொழிகளும் ஒரே செயலை மூன்று வேறு உருவகங்களில் கண்டுள்ளன. பிற இடங்களில் கடன்சொல் புகுந்துவிட்ட ஓர் இடத்தில், கடல் கடந்து வந்த உழைப்பாளர் நல்ல தமிழ்ச்சொல் ஒன்றை நிலைநிறுத்தியுள்ளனர். அதற்கு எந்தக் கலைச்சொற் குழுவும் கூடவில்லை.

பசியாறும்போது அருந்துவன வேறு வகையில் பெயர் பெற்றன. 'தே' என்பது சீனத்தின் ஹொக்கியன் பேச்சுமொழியிலிருந்து கடல்வழியே பரவிய சொல், மலாயிலும் அதுவே. நாமும் இலங்கைத் தமிழரும் பேச்சில் வழங்கும் 'தேத்தண்ணி', எழுத்தில் வழங்கும் 'தேநீர்' இரண்டிலும் முன்னிற்பது இந்தத் 'தே'. தேநீரைத் தூய தமிழ் என்று எண்ணி எழுதும் மாணவரிடம் இதனைக் கூறினால் நம்ப மறுப்பர். ஒட்டு அவ்வளவு நன்றாகப் பொருந்தியுள்ளது. தமிழ்நாட்டின் காப்பி இங்கும் இலங்கையிலும் கோப்பி. தமிழ்நாட்டில் காப்பி எவ்வாறு புகுந்தது, அது ஏன் ஒரு காலத்தில் பண்பாட்டுக்கு ஊறாகக் கருதப்பட்டது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மாணவர் அதனைத் தேடிப் படித்தல் நன்று.

இனித் தமிழர் கையால் பரிமாறப்பட்டவற்றுக்கு வருவோம். மலாயில் அபாம் என்பது நம் அப்பம். புத்து என்பது நம் பிட்டு அல்லது புட்டு. காரி என்பது கறி. கெடாய் என்பது கடை. மெம்பெலாம் என்பது மாம்பழம். இன்று நம் பிள்ளைகள் 'கெடாய்' என்பதை மலாய்ச் சொல்லாகப் பள்ளியில் கற்று, அது தம் வீட்டிலிருந்து போன சொல் என்பதை அறியாமலே திரும்பப் பெறுகின்றனர். இடியப்பம் இந்நாட்டில் 'புத்து மாயாம்' என்னும் பெயரில் விற்கப்படுகிறது. காலையில் தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவி உண்கிறார்கள். தமிழரே அதனை விற்கும்போதும் அப்பெயரையே கூவுகின்றனர். தெருவில் விற்றவர் தமிழர். பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. பிறர் அதனைத் தம் நாவுக்கு ஏற்ப ஏற்றனர்.

இவற்றுள் நமக்கு மிகவும் விருப்பமானது 'அபாம் பாலிக்'. வேர்க்கடலையும் சர்க்கரையும் இட்டு, வட்டமாகச் சுட்டு, பாதியாக மடித்துத் தரும் பண்டம் அது. இரவுச் சந்தைகளிலும் பள்ளி வாயில்களிலும் காணலாம். சீனரிடையே அதற்கு ஹொக்கியன் பெயர் தனியே உண்டு. பண்டமும் அவர்கள் வழி வந்ததே. மலாய்க்காரர் அதற்குப் பெயரிட்டபோது, மாவு கரைத்து வட்டமாகச் சுடுவதற்குத் தம்மிடம் முன்பே இருந்த சொல்லை எடுத்தனர். அச்சொல் தமிழ் அப்பம். அதனோடு திருப்புதலைக் குறிக்கும் 'பாலிக்' என்பதைச் சேர்த்தனர். சீனர் பண்டம், தமிழ்ப் பெயர், மலாய் அடை. ஒரு பண்டத்தின் பெயரைக் கொண்டே அதன் பிறப்பை முடிவு செய்வோர்க்கு இது நல்ல எச்சரிக்கை.

போனவற்றைப் பேசி மகிழ்வது எளிது. வந்தவற்றையும் நேர்மையாகக் கணக்கிடல் வேண்டும். கீழக்கரையிலும் இலங்கையிலும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மாவும் சேர்த்து நெடுநேரம் கிளறிச் செய்யும் 'தொதல்' புகழ்பெற்ற இனிப்பு. அது மலாய்த் தீவுகளின் டோடோல். மலாய்ச் சொல்லின் முதலெழுத்து நம் மொழிமுதல் வல்லெழுத்தின் இயல்புக்கேற்ப மாறி, தமிழ்ச்சொல் போலவே அமைந்துவிட்டது. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். தமிழ் வழங்கும் நிலத்தைச் சூழ்ந்த நிலங்களின் சொற்கள் திசைச்சொல்லாக உள்ளே வரலாம் என்பதற்கு அங்கேயே இடம் வைத்துள்ளார். கடல் கடந்த தொதலையும் அவ்வரிசையில் வைக்கத் தயங்க வேண்டியதில்லை என்பது நம் எண்ணம்.

செட்டிநாட்டு விருந்துகளில் இடம்பெறும் கவுனி அரிசி இனிப்பும் இவ்வகையினதே. கருநிறமுள்ள பசையரிசியை வேகவைத்துத் தேங்காயும் சர்க்கரையும் சேர்ப்பர். நகரத்தார் பர்மாவில் பெரும் வணிகம் நடத்திய காலத்தில் அவ்வரிசியும் உடன் வந்தது. பர்மிய மொழியில் பசையரிசிக்குரிய 'கௌக்ஞின்' என்னும் பெயரின் தமிழ் உருவமே கவுனி என்பது பொருத்தமான விளக்கம். ஜொகூர் பாருவின் காலைச் சந்தையில் அதே கருநிற அரிசி 'புபோர் புலூட் ஹித்தாம்' என்னும் பெயரில் தேங்காய்ப்பாலோடு விற்கிறது. காரைக்குடியிலிருந்து வரும் விருந்தினர்க்கு அது புதுமை என்று நாம் கிண்ணத்தில் இட்டுத் தருகிறோம். அவரோ தம் பாட்டி செய்ததாகக் கூறுகிறார். இருவர் கூறுவதும் உண்மையே.

சவ்வரிசியின் கதை இன்னும் சுவையானது. அதில் சற்றே நின்று செல்வோம். சாகு என்பது தென்கிழக்காசியச் சதுப்பு நிலங்களில் வளரும் ஒருவகைப் பனை. அதன் தண்டின் உட்சோற்றைக் கரைத்து, மாவெடுத்து, மணிகளாக உருட்டுவர். மலாய்ப் பெயராகிய சாகு ஆங்கிலத்திலும் புகுந்தது. தெலுங்கில் அம்மணிகளுக்குச் 'சக்குபிய்யம்', அதாவது சாகு அரிசி என்று பெயர். தமிழில் சவ்வரிசி அல்லது ஜவ்வரிசி. அதன் முற்பகுதியைச் சாகுவோடு இணைப்பாரும் சாவகத்தோடு இணைப்பாரும் உளர். எப்படியாயினும் அது கிழக்கே நம் திசையிலிருந்து சென்ற பொருள். பிற்பகுதியாகிய 'அரிசி' தமிழர் செய்த சேர்க்கை. வெண்மையாக, மணிமணியாக, வேகவைத்து உண்ணத்தக்கதாக இருந்ததால் அதனை அரிசியின் இனத்தில் சேர்த்தனர்.

இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசைக் கப்பல் வழிகள் அடைபட்டபோது இந்தியாவுக்குச் சவ்வரிசி வரத்து நின்றது. 1943-இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்னும் வணிகர், மலாயாவில் இத்தொழிலை அறிந்திருந்த போப்பட்லால் ஷா என்பவரின் துணையோடு மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கினார். அத்தொழில் சேலம் வட்டாரம் முழுவதும் பரவியது. 1981-இல் அதற்கெனக் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. மரவள்ளியோ தென் அமெரிக்கச் செடி. போர்த்துக்கீசியர் வழியே இந்தியா வந்து, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னரின் ஊக்கத்தால் கேரளத்தில் பரவியது. ஆகவே தமிழ்நாட்டுத் திருமணப் பந்தியில் வைக்கப்படும் சவ்வரிசிப் பாயசத்தில், கிழக்குத் தீவுகளின் பனையை நினைவூட்டும் பெயரும், பிரேசில் பக்கத்துக் கிழங்கும், சேலத்து ஆலையும், வடமொழிவழி வந்த பாயசம் என்னும் பெயரும் ஒருங்கே உள்ளன. அப்பந்தியில் அமர்ந்து அது நம் இனிப்பு அன்று என்று மறுத்து எழுந்தவரை நாம் கண்டதில்லை. ஏனெனில் அதனைக் காய்ச்சியதும் பரிமாறியதும் நம் கைகளே.

மரவள்ளி என்னும் சொல் இந்நாட்டு முதியோரிடம் வேறு நினைவுகளை எழுப்பும். அதற்குத் தோட்டப்புற வாழ்வைச் சற்று விளக்க வேண்டும். ஜொகூரில் முதலில் சீனர் கம்பீரும் மிளகும் பயிரிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருகியபோது கங்காணிகளின் வழியே தமிழர் பெருந்தொகையாக வந்தனர். 1938-இல் இந்திய அரசு அவ்வகை ஆள்சேர்ப்பைத் தடை செய்யும்வரை அவ்வருகை நீடித்தது. வந்தவர்களுள் பலர் புன்செய் மாவட்டத்தவர். அவர்தம் ஊரில் அன்றாட உணவு சோறன்று. கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவற்றின் கூழும் களியுமே. காலையில் கரைத்துக் குடித்த கூழே தமிழரின் பழைய தானியக் காலை உணவு. மலாயாவிலோ பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதியான அரிசியே தோட்டங்களில் வழங்கப்பட்டது. ஊரில் பண்டிகை நாளில் கண்ட நெல்லுச்சோறு இங்கே நாள்தோறும் கிடைத்தது. எஞ்சிய சோறு நீரில் ஊறி மறுநாள் காலைப் பழையதாயிற்று. இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் கூழ் வீட்டிலிருந்து வெளியேறி, ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் மட்டும் ஊற்றப்படும் பொருளாயிற்று. உணவு சடங்காக மாறியதால் சொல்லும் பிழைத்தது.

விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் செல்ல வேண்டியவர்க்கு நிதானமாகப் பசியாற ஏது பொழுது? 'பெரட்டு' என்பது அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தோட்டத்து வடிவம். அந்த இருளில் வயிற்றுக்குப் போனது பெரும்பாலும் பால் கலவாத வரக்கோப்பி. கையில் காசு இருந்தால் அதில் நனைத்துத் தின்ன ஒரு பிஸ்கட். பின்னாளில் நம் மாநிலத்துப் பத்து பகாட் நகரமே பிஸ்கட்டுக்குப் பெயர்பெற்றது. 1958-இல் அங்கே தொடங்கிய ஹப் செங் நிறுவனத்தின் க்ரீம் கிராக்கர் இன்றும் நாடெங்கும் கோப்பியில் நனைகிறது. அடுப்பு மூட்டாமல் உண்ணத்தக்க, ஆலையில் செய்து அடைக்கப்பட்ட தானியக் காலை உணவாக இந்நாட்டுத் தமிழர் முதலில் கண்டது சோளச் செதில் அன்று, பிஸ்கட்டே. அதற்கு நாம் தமிழ்ப்பெயர் இடவில்லை. தகர டின்னில் வந்தது. டின்னின் மேலிருந்த பெயரோடு உள்ளே வந்தது.

1942 ஜனவரி இறுதியில் பிரிட்டிஷ் படை ஜொகூர் பாருவை விட்டுப் பின்வாங்கிப் பாலத்தை உடைத்துச் சென்றது. அதற்குப் பின்வந்த மூன்றரை ஆண்டுகளில் அரிசி அரிதாகி, மரவள்ளியே மூன்று வேளை உணவாயிற்று. அக்காலத்தைக் கடந்து வந்த முதியோருள் பலர் பிற்காலத்தில் அக்கிழங்கைத் தட்டில் பார்க்கவும் விரும்பவில்லை. ஆனால் அவர்தம் பேரப்பிள்ளைகள் அதே கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பாலோடு சுட்ட 'பிங்கா ஊபி' என்னும் மலாய் இனிப்பை விரும்பித் தின்கின்றனர். ஒரே கிழங்கு ஒரே வீட்டில் பஞ்சத்தின் பெயராகவும் இனிப்பின் பெயராகவும் இரு சொற்களில் வாழ்கிறது. பாட்டிக்கு அது மரவள்ளி, பேத்திக்கு ஊபி.

நகரத்துக்குள் ரொட்டியின் மணம் முன்பே பரவியிருந்தது. தான் ஹியோக் நீ தெருவில் 1919 முதல் விறகடுப்பில் பன்னும் வாழைப்பழக் கேக்கும் சுடும் ஹியாப் ஜூ கடையும், டோபி தெருவில் 1937-இல் தொடங்கிய சலாஹுடின் ரொட்டிக்கடையும் இந்நகரத்துக் காலைகளின் வரலாற்றில் இடம்பெறத் தக்கவை. டோபி தெருவின் பெயரே வண்ணார் தொழிலைக் குறிக்கும் இந்தியச் சொல்.

ரொட்டி என்றதும் நினைவுக்கு வருவது ரொட்டி சானாய். சானாய் என்பது சென்னையைக் குறிப்பது என்பர் சிலர். மாவைத் தட்டையாக்குதலைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பர் வேறு சிலர். நமக்கு இரண்டாவது ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆயினும் அதைவிட வியப்பானது ஒன்று உண்டு. 1923-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே. அதனைக் கடந்து சிங்கப்பூருக்குள் கால் வைத்ததும் அதே ரொட்டி 'பிராட்டா' ஆகிவிடுகிறது. பிசைவது, வீசுவது, சுடுவது எல்லாம் ஒரே வகை. நீரிணையின் இரு கரையிலும் பெயர் மட்டும் இரண்டாகப் பிரிந்தது.

இனி அட்டைப்பெட்டியில் வந்த காலை உணவு. இதன் வரலாறு நெடியதன்று. அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரத்து நலவாழ்வகத்தில் மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக், புலால் தவிர்த்த எளிய உணவை நோயாளிகளுக்குத் தர முயன்றார். 1894-இல் வேகவைத்த கோதுமை மாவை உருளைகளுக்கிடையே செலுத்தியபோது அது தனித்தனிச் செதில்களாக வெளிவந்தது, சுட்டபோது மொறுமொறுப்பாயிற்று. அவர் தம்பி வில் கீத் கெல்லாக் அதனைச் சோளத்தில் செய்து 1906-இல் வணிக நிறுவனமாக்கினார். உரோமரின் விளைச்சல் தெய்வமாகிய சீரிஸ் பெயரிலிருந்து பிறந்து பொதுவாகத் தானியத்தைக் குறித்து வந்த 'சீரியல்' என்னும் ஆங்கிலச் சொல், ஏறத்தாழ அக்காலத்திலேயே பெட்டியில் வரும் காலை உணவையும் குறிக்கத் தொடங்கியது. அங்கேயும் அது பொருள் மாறிய சொல்லே என்பதை மனத்தில் இருத்துக. 1994-இல் அந்நிறுவனம் இந்தியாவுக்கு வந்தபோது, சுடுபாலில் செதில்கள் உடனே குழைந்துவிட்டன என்பது வணிகக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகச் சொல்லப்படும் செய்தி. பாலைக் காய்ச்சாமல் குடிப்பது நம்மவர் பழக்கமன்று.

ஆனால் தானியத்தை முன்னரே பக்குவம் செய்து, தட்டையாக்கி, உலர்த்தி, அடுப்பில்லாமல் உண்பது தமிழர்க்குப் புதியதா? நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூடு ஆறுமுன் உரலிலிட்டு இடித்துத் தட்டையாக்கினால் அவல். சங்கநூல்களில் அவல் இடிக்கும் உலக்கையும் அதன் ஒலியும் பலவிடங்களில் வருகின்றன. குசேலர் கதையில் கந்தையில் முடிந்து கொண்டுசெல்லப்படுவதும் அதுவே. வழிப்பயணத்துக்கு ஏற்ற உணவு. பாலில் ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்தால் இன்றும் ஒரு காலை உணவு. பேட்டில் கிரீக் நகரில் உருளை செய்ததை இங்கே உலக்கை செய்திருந்தது. வேறுபாடு பெட்டியிலும் விளம்பரத்திலும் குளிர்ந்த பாலிலுமே உள்ளது.

மலாய்மொழி இவ்விடத்தில் செய்ததை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். இளநெல்லை வறுத்து இடித்த அவலுக்கு மலாயில் 'எம்பிங்' என்று பெயர். சோளச் செதில் வந்தபோது அவர்கள் அதனை 'எம்பிங் ஜாகோங்', அதாவது சோள அவல் என்றனர். நம் நாட்டுக் கடைகளில் பெட்டிகளின் மேலேயே அப்பெயர் அச்சாகியுள்ளது. தமிழிலும் கிடைத்திருக்கக்கூடிய பெயர் அதுதான். ஆனால் நம் மொழிபெயர்ப்புகளில் காண்பது 'காலைத் தானியம்', 'தானிய உணவு' போன்றவை. இவை ஆங்கிலச் சொல்லைப் பார்த்து எழுதப்பட்டவை. கிண்ணத்தைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. தானியம் என்றால் தமிழ்க்காதுக்கு மூட்டையில் உள்ள மணிகளே கேட்கும். 'கூலம்' என்னும் பழஞ்சொல்லை மீட்கலாம் என்பாரும் உண்டு. மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரையில் கூலவாணிகர், சொல் அழகியதே. எனினும் கூலவாணிகர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பின்னர், அச்சொல்லை ஏழு வயதுப் பிள்ளையின் கிண்ணத்தில் இடுவது பயன் தராது. ஓட்ஸ் வந்தபோது எவரும் கலைச்சொல் தேடவில்லை. இல்லத்தரசியர் அதைக் காய்ச்சினர், காய்ச்சியது கஞ்சியாயிற்று, 'ஓட்ஸ் கஞ்சி' என்ற சொல் பிறந்தது. கஞ்சி அவ்வகையில் ஆற்றல் மிக்க சொல். 1563-இல் கோவாவில் நூல் வெளியிட்ட போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா அதனைக் குறித்துள்ளார். ஆங்கிலத்தில் அது 'கான்ஜி' ஆயிற்று. இன்று சீனரின் அரிசிக் கஞ்சிக்கும் உலகம் அப்பெயரையே வழங்குகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஜொகூர் பாருவில் பொழுது புலருமுன்னரே வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் பல்லாயிரவர். அவ்வீடுகளில் காலையில் அடுப்பு எரிவதில்லை. பிள்ளை தானே பெட்டியைத் திறந்து, கிண்ணத்தில் கொட்டி, பாலூற்றி உண்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறது. அல்லது ஒரு குவளை மைலோவோடு வருகிறது. பின்னர் வகுப்பில் 'என் காலை உணவு' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். பிள்ளை எழுதுவது என்ன? இட்லி, தோசை, சட்டினி. பாடநூலில் அதுதான் இருக்கிறது. அதற்குத்தான் அதனிடம் தமிழ்ச்சொல் இருக்கிறது. தான் உண்மையில் உண்டதை அது எழுதுவதில்லை. தன் காலைப்பொழுதைச் சொல்ல வேறொரு மொழியும், தேர்வுக்கு எழுதத் தமிழும் என்று அந்தச் சிறுவயதிலேயே பிரித்துக்கொள்கிறது. ஒரு சொல் குறைவதைவிட இது பெரிய இழப்பு என்று நாம் கருதுகிறோம்.

ஆதலின் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது எளியது. பிள்ளை உண்டதையே எழுதட்டும். 'சோள அவல்' என்று எழுதினால் மகிழ்ச்சி. 'கோர்ன்ஃபிளேக்ஸ்' என்று தமிழெழுத்தில் எழுதினாலும் சிவப்பு மையால் அடிக்க வேண்டா. பிஸ்கட்டையும் கோப்பியையும் ஏற்ற மொழிக்கு இது பெருஞ்சுமையன்று. அடுத்த வகுப்பில் ஒரு கைப்பிடி அவலையும் ஒரு கைப்பிடிச் சோளச் செதிலையும் மேசையில் அருகருகே வைத்து, தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். கேழ்வரகையும் உடன் வைக்கலாம். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின்னர், நம் பேரங்காடிகளில் அது 'ராகி' என்னும் பெயரோடு பெட்டியில் அடைபட்டு, அவர்தம் கொள்ளுப்பாட்டன் ஊரில் கரைத்துக் குடித்ததைவிடப் பன்மடங்கு விலையில் திரும்பி வந்திருக்கிறது.

சோளச் செதில் தமிழரின் கைக்கு முற்றிலும் எட்டாமல் போய்விடவும் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீடுகளில், உருக்கிய வெண்ணெயும் தேனும் கலந்து, சிறு காகிதக் கிண்ணங்களில் இட்டுச் சுட்டெடுக்கும் சோளச் செதில் இனிப்பு இந்நாட்டில் பரவிய வழக்கம். அது மெல்ல மெல்ல நம் தீபாவளிக்கும் வந்துவிட்டது. விருந்தினர்க்கு நீட்டும் தட்டில் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் நடுவே அதுவும் அமர்ந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தவரும், தேன் கலந்தவரும், கிண்ணத்தில் நிரப்பியவரும் நம் வீட்டுப் பெண்களே. அதனைப் பிஸ்கட் என்று சொல்பவர்களும் பலகாரம் என்று சொல்பவர்களும் இருக்கின்றனர். இன்னும் ஒரு பெயரில் நிலைபெறவில்லை.